சாயங்காலமானால் பில்லிங் நிற்கிறது: மைஎஸ்கியூஎல் சர்வரில் அந்த நிமிடம் என்ன ஓடுகிறது என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி: பலகாரக்கடை_சிஸ்டம், காரைக்குடி

வணக்கம். காரைக்குடியில் ஒரு பலகாரக் கடையின் கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். கைமுறுக்கு, தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை என்று சில்லறை விற்பனை ஒரு பக்கம். கல்யாணச் சீர்ப் பலகார ஆர்டர் இன்னொரு பக்கம். கடையில் இரண்டு சில்லறை கவுண்டர், சீர் ஆர்டருக்குத் தனியாக ஒரு மேசை, தேவகோட்டைக் கிளையில் ஒரு கவுண்டர். நான்கும் காரைக்குடிக் கடையின் பின்கட்டில் இருக்கும் ஒரே சர்வரில் இணைந்திருக்கின்றன. உபுண்டு, மைஎஸ்கியூஎல் 8.0. மென்பொருள் டாட் நெட்டில் எழுதியது. எழுதிக் கொடுத்தவர்கள் இப்போது போன் எடுப்பதில்லை. சோர்ஸ் கோடு மட்டும் எங்களிடம் இருக்கிறது.

காலையில் எந்தத் தொந்தரவும் இல்லை. சாயங்காலம், அதுவும் முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் என்றால், கவுண்டர்கள் எல்லாம் சேர்ந்தாற்போல் நின்றுவிடுகின்றன. 'புதிய பில்' அழுத்தினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சில நேரம் தானாகச் சரியாகிவிடும். சில நேரம் 1205 என்ற பிழை வரும். வரிசை வாசல் வரை போய்விடும், கடை ஆச்சி 'சர்வரை அணைச்சுப் போடுப்பா' என்பார்கள். அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது.

டாப் கட்டளையில் சிபியு சும்மா கிடக்கிறது. ரேம் 16 ஜிபி, பாதிக்கு மேல் காலி. புது சர்வர் வாங்கிவிடலாமா என்று ஆச்சி கேட்கிறார்கள். காரணம் தெரியாமல் அவர்கள் பணத்தைச் செலவு செய்ய எனக்கு மனசு வரவில்லை. நின்றுபோகும் அந்த நேரத்தில் சர்வருக்குள் எந்த குவெரி (டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் கட்டளை), யாருடையது, எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். வியாபாரம் நடக்கும்போதே பார்க்கலாமா, அதனால் இன்னும் மெதுவாகிவிடுமா?

பதில்: இண்டெக்ஸ்_விரும்பி

மெதுவான குவெரிகளைக் குறித்துவைக்கும் ஸ்லோ குவெரி லாகை ஆன் செய்யுங்கள். லாங்_குவெரி_டைம் இயல்பாக 10 வினாடி இருக்கும், அதை 1 ஆக்குங்கள். ஒரு நாள் ஓடட்டும். அதில் சிக்கும் குவெரிகளுக்கு எக்ஸ்ப்ளெய்ன் போட்டு எப்படி ஓடுகிறது என்று பார்த்து, தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ் சேருங்கள். பெரும்பாலும் தேதி நெடுவரிசையை டேட்() ஃபங்ஷனுக்குள் போட்டிருப்பார்கள், அதனால் இண்டெக்ஸ் பயன்படாது. பில் அட்டவணை வளர வளர மெதுவாகும்.

பதில்: கோட்டையூர்க்காரன்

தம்பி, சர்வர் வாங்க வேண்டாம். ஆச்சியிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

சென்னையில் டேட்டாபேஸ் பராமரிப்புதான் எனக்கு வேலை, சொந்த ஊர் கோட்டையூர். நீங்கள் எழுதியதில் ஒரு வரியே பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டது: எல்லாம் நிற்கிறது, ஆனால் சிபியு சும்மா கிடக்கிறது. இண்டெக்ஸ் இல்லாத குவெரி ஓடினால் சிபியுவோ டிஸ்க்கோ மூச்சு வாங்கும். இரண்டும் ஓய்வாக இருக்கும்போது எல்லாரும் நிற்கிறார்கள் என்றால், அவர்கள் எதற்கோ காத்திருக்கிறார்கள். 1205 என்ற பிழை எண்ணும் அதைத்தான் சொல்கிறது. 'லாக் வெயிட் டைம்அவுட் எக்ஸீடட்' என்று தொடங்கும் அதன் வாசகம். அட்டவணையில் வேறொருவர் பிடித்திருக்கும் ஒரு வரியின் பூட்டுக்காக 50 வினாடி காத்திருந்தும் கிடைக்கவில்லை என்று பொருள். இன்னோடிபி_லாக்_வெயிட்_டைம்அவுட்டின் இயல்பு அளவு அந்த 50.

முதல் பதிலில் சொன்ன ஸ்லோ லாக் நல்ல கருவிதான். ஆனால் ஒரு குவெரி ஓடி முடிந்து, பூட்டுகளை விட்ட பிறகுதான் அதில் எழுதப்படும். இப்போது நின்றுகொண்டிருப்பவரை அதில் பார்க்க முடியாது. உங்களுக்கு வேண்டியது நடக்கும் நேரத்திலேயே உள்ளே எட்டிப் பார்க்கும் வழி.

இனி நின்றால், ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரே ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் சாட்சி எல்லாம் அழிந்துவிடும். சர்வரில் மைஎஸ்கியூஎல் கிளையண்டைத் திறந்து இதை ஆங்கில எழுத்தில் கொடுங்கள்:

ஷோ ஃபுல் பிராசஸ்லிஸ்ட்;

ஃபுல் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். விட்டால் குவெரியின் முதல் 100 எழுத்துதான் தெரியும், எந்த வரி வேண்டும் என்று சொல்லும் வேர் (WHERE) பகுதி அறுந்துபோகும். உள்ளே நுழையும் பயனருக்கு பிராசஸ் உரிமை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் சொந்த இணைப்புகள் மட்டுமே தெரியும், சர்வர் காலியாக இருக்கிறது என்று நினைத்துவிடுவீர்கள். பில்லிங் மென்பொருளின் பயனரைப் பயன்படுத்தாமல், கண்காணிப்புக்கென்று தனியாக ஒருவரை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

வரும் பட்டியலில் ஒரு இணைப்புக்கு ஒரு வரி. ஹோஸ்ட் எந்தக் கவுண்டர் என்று சொல்லும். கமாண்ட் என்பதில் குவெரி என்றிருந்தால் வேலை நடக்கிறது, ஸ்லீப் என்றிருந்தால் இணைப்பு சும்மா இருக்கிறது. டைம் என்பது அந்த நிலையில் கழிந்த வினாடிகள். இன்ஃபோ என்பதில் குவெரி.

எல்லாரும் செய்வது என்னவென்றால், குவெரி என்று போட்டிருக்கும் வரிகளில் டைம் அதிகமாக இருப்பதைப் பிடித்து அதைக் கில் செய்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது பெரும்பாலும் அடிபட்டவர், அடித்தவர் இல்லை. உங்கள் விஷயத்தில் அடித்தவர் ஸ்லீப் என்ற வரியில் அமைதியாக இருப்பார் என்று நினைக்கிறேன். டிரான்ஸாக்‌ஷனைத் தொடங்கி, ஒரு வரியைப் பூட்டி, கமிட் செய்யாமல் விட்டிருப்பார். (டிரான்ஸாக்‌ஷன் என்பது சேர்ந்தே முடிய வேண்டிய கட்டளைகளின் தொகுப்பு, கமிட் என்பது அதை உறுதி செய்து முடிப்பது.) பேரேட்டை மடியில் வைத்துக்கொண்டு கணக்குப்பிள்ளை யாருடனோ பேசிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் என்ன செய்ய முடியும்? அதே கதைதான்.

அவரைப் பிடிக்க இரண்டு இடம். ஒன்று, இன்ஃபர்மேஷன்_ஸ்கீமாவில் இன்னோடிபி_டிஆர்எக்ஸ் என்ற அட்டவணை. திறந்திருக்கும் டிரான்ஸாக்‌ஷன் எல்லாம் அதில் இருக்கும், எப்போது தொடங்கியது என்ற நேரத்தோடு. மிகப் பழையது எது என்று பாருங்கள். இரண்டாவது இன்னும் நேரடியானது:

செலக்ட் * ஃப்ரம் சிஸ்.இன்னோடிபி_லாக்_வெயிட்ஸ்;

யார் காத்திருக்கிறார், யாருக்காகக் காத்திருக்கிறார் என்று ஜோடி ஜோடியாக வரும். வெயிட்டிங்_பிஐடி காத்திருப்பவர், பிளாக்கிங்_பிஐடி தடுப்பவர். இரண்டும் பிராசஸ்லிஸ்டின் ஐடி எண்கள்தான். பிளாக்கிங்_குவெரி என்ற இடம் நல் (NULL, அதாவது வெறுமை) என்று வந்தால் பயப்படாதீர்கள். தடுப்பவர் இப்போது எதையும் ஓட்டவில்லை, பூட்டை மட்டும் வைத்திருக்கிறார் என்பதற்கு அதுவே சாட்சி.

வியாபார நேரத்தில் ஓட்டலாமா என்று கேட்டீர்கள். நான்கு கவுண்டர் உள்ள சர்வரில் தாராளமாக ஓட்டலாம். நூற்றுக்கணக்கான இணைப்பு உள்ள இடங்களில் மட்டும், பிராசஸ்லிஸ்டை பெர்ஃபார்மன்ஸ்_ஸ்கீமாவிலிருந்து எடுப்பது நல்லது. 8.0.22 முதல் அங்கேயும் பிராசஸ்லிஸ்ட் என்றே ஒரு அட்டவணை இருக்கிறது, எல்லாரையும் ஒரு கணம் நிறுத்திவைக்கும் பொதுப் பூட்டு அதற்குத் தேவைப்படாது. ஜெனரல் லாகை மட்டும் ஆன் செய்து மறந்துவிடாதீர்கள். வரும் ஒவ்வொரு கட்டளையையும் அது எழுதும், டிஸ்க் நிரம்பும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிற்கும்போது உண்மையிலேயே நான்கு கவுண்டரும் நிற்கின்றனவா? ஒருவர் மட்டும் குறை சொல்லாமல் இருப்பார் என்பது என் ஊகம்.

பதில்: பலகாரக்கடை_சிஸ்டம்

அண்ணே, ரொம்ப நன்றி. நேற்று சாயங்காலம் மறுபடி நின்றது. ஆச்சியிடம் ஒரு நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு பார்த்தேன். தேவையானதை மட்டும் எழுதுகிறேன்:

ஐடி 4127, ஹோஸ்ட் 192.168.1.23, கமாண்ட் ஸ்லீப், டைம் 341, இன்ஃபோ நல்

ஐடி 4130, ஹோஸ்ட் 192.168.1.21, கமாண்ட் குவெரி, டைம் 38, ஸ்டேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், இன்ஃபோ: செலக்ட் கடைசி_எண் ஃப்ரம் பில்_எண் வேர் வகை = 1 ஃபார் அப்டேட்

ஐடி 4133, ஹோஸ்ட் 192.168.1.22, டைம் 21, மற்றது அப்படியே

ஐடி 4119, ஹோஸ்ட் 10.8.0.6, டைம் 9, மற்றது அப்படியே

கடைசியில் இருப்பது தேவகோட்டை. இவை போக இன்னும் நிறைய ஸ்லீப் வரிகள் இருந்தன. லாக்_வெயிட்ஸில் மூன்று பேருக்கும் தடுப்பவர் 4127 என்றே வந்தது. பிளாக்கிங்_குவெரி நல், நீங்கள் சொன்ன மாதிரியே.

192.168.1.23 எங்கள் சீர் ஆர்டர் மேசை. அங்கே இருக்கும் அக்காவிடம் 'உங்களுக்கும் நிற்கிறதா' என்று கேட்டேன். 'எனக்கு எப்பவும் நின்னதே இல்லையே' என்றார்கள். நான்தான் எல்லாம் நிற்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு சந்தேகம். ஸ்டேட் என்ற இடத்தில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று வருகிறதே, பூட்டு என்று ஏன் வரவில்லை? தடுப்பவர் எதைப் பூட்டினார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கோட்டையூர்க்காரன்

அருமை தம்பி, சாட்சியோடு பிடித்துவிட்டீர்கள்.

அந்த ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நிறையப் பேரைத் திசைதிருப்பும். வரிக்கு வரி தனியாக இருக்கும் அடையாளமான பிரைமரி கீயை வைத்து ஒரே ஒரு வரியைக் கேட்கும்போது, திட்டம் போடும் கட்டத்திலேயே மைஎஸ்கியூஎல் அந்த வரியைப் படித்துவிடப் பார்க்கும். ஃபார் அப்டேட் என்பதால் அங்கேயே பூட்டில் முட்டி நிற்கிறது. அதனால் ஸ்டேட் அந்தக் கட்டத்தின் பெயரிலேயே நின்றுவிடும். அதைப் பார்த்து அனலைஸ் டேபிள் ஓட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒரு பலனும் இருக்காது.

மற்ற ஸ்லீப் வரிகளை விட்டுவிடுங்கள். டாட் நெட் மறுபடி பயன்படுத்துவதற்காக இணைப்புகளை மூடாமல் திரட்டி வைத்திருக்கும், அவை சும்மா இருப்பவை. டிரான்ஸாக்‌ஷன் திறந்திருக்கும் ஸ்லீப்தான் ஆபத்து. இன்னோடிபி_டிஆர்எக்ஸில் டிஆர்எக்ஸ்_மைஎஸ்கியூஎல்_த்ரெட்_ஐடி என்ற நெடுவரிசையை பிராசஸ்லிஸ்டின் ஐடியோடு ஜாயின் செய்தால் அது மட்டும் தனியாக வந்துவிடும்.

4127 கடைசியாக என்ன சொன்னது என்பதையும் எடுக்கலாம். பெர்ஃபார்மன்ஸ்_ஸ்கீமாவில் த்ரெட்ஸ் அட்டவணையில் பிராசஸ்லிஸ்ட்_ஐடி 4127 இருக்கும் வரியைப் பாருங்கள். அதில் த்ரெட்_ஐடி என்று வேறு ஒரு எண் இருக்கும். அந்த எண்ணை ஈவெண்ட்ஸ்_ஸ்டேட்மெண்ட்ஸ்_ஹிஸ்டரியில் தேடினால் அந்த இணைப்பின் கடைசிப் பத்து கட்டளைகள் கிடைக்கும். 8.0-ல் இது இயல்பாகவே ஆனில் இருக்கும்.

எனக்கு இப்போதே தெரிந்த மாதிரி இருக்கிறது. ஆர்டர் திரை திறந்தவுடன் மென்பொருள் டிரான்ஸாக்‌ஷனைத் தொடங்கி, பில்_எண் அட்டவணையின் அந்த ஒற்றை வரியைப் பூட்டி, எண்ணை எடுத்துத் திரையில் காட்டுகிறது. சேமி என்று அழுத்தினால்தான் கமிட். சில்லறை கவுண்டரில் இது சில வினாடியில் முடிந்துவிடும், யாருக்கும் தெரியாது. சீர் மேசை அப்படியா? பெண் வீட்டார் வந்து உட்காருவார்கள். 51 அதிரசம் போதுமா, 101 வேண்டுமா என்று பேச்சு. மாவுருண்டை சேர்ப்பதா என்று பெரியவர்களுக்கு ஒரு போன். அது தீரும் வரை பூட்டு அங்கேயே இருக்கும், காரைக்குடியும் தேவகோட்டையும் சேர்ந்து காத்திருக்கும். உங்கள் 341 வினாடி அதுதான். கல்யாண சீசனில் கூடுவதற்கும் சாயங்காலம் வருவதற்கும் காரணம் கூட்டம் இல்லை, சீர் பேச வருகிறவர்கள் அந்த நேரத்தில் வருகிறார்கள்.

ஒன்று கேட்கிறேன். சர்வரை அணைத்துப் போட்ட பிறகு, அடித்து வைத்த ஆர்டர் காணாமல் போனதாக அந்த அக்கா சொல்லியிருக்கிறார்களா? கமிட் ஆகாத டிரான்ஸாக்‌ஷனை ரீஸ்டார்ட் திரும்ப எடுத்துவிடும். அதனால்தான் பூட்டும் போய், கடையும் ஓடியது.

அவசரத்துக்கு, இனி சர்வரை அணைக்காமல் கில் 4127 என்று அந்த ஒரு இணைப்பை மட்டும் துண்டியுங்கள். கில் குவெரி 4127 என்று கொடுத்தால் பலன் இருக்காது. அது ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையை மட்டும் நிறுத்தும், இங்கே ஓடுவது ஒன்றும் இல்லை. ஆனால் கில் செய்வதற்கு முன் எழுந்து போய் அந்த மேசையில் சொல்லுங்கள், சேமிக்கச் சொல்லுங்கள். அங்கே ஒரு குடும்பம் உட்கார்ந்து பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறது.

பதில்: திருமயம்_டெவ்

இந்தத் திரியைத் தேடி வருபவர்களுக்காக. ஸாம்ப் (XAMPP) தொகுப்பை நிறுவியிருந்தால் உள்ளே இருப்பது மைஎஸ்கியூஎல்லில் இருந்து பிரிந்த மரியாடிபி. அதில் பெர்ஃபார்மன்ஸ்_ஸ்கீமா இயல்பாக அணைந்திருக்கும், சிஸ் ஸ்கீமாவும் 10.6-ல் இருந்துதான் கூடவே வருகிறது. அங்கே இன்ஃபர்மேஷன்_ஸ்கீமாவிலேயே இன்னோடிபி_லாக்_வெயிட்ஸ் இருக்கிறது, அதை இன்னோடிபி_டிஆர்எக்ஸோடு ஜாயின் செய்யலாம். மைஎஸ்கியூஎல் 8.0-ல் அந்தப் பழைய அட்டவணையை எடுத்துவிட்டார்கள்.

போஸ்ட்கிரெஸ் என்ற வேறு டேட்டாபேஸ் என்றால் பார்க்க வேண்டியது பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி. அங்கே இந்தத் தொல்லைக்கு நேரடியாகவே பெயர் உண்டு: ஸ்டேட் நெடுவரிசையில் 'ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்' என்று வரும். தடுப்பவர் யார் என்று பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ்() சொல்லும். துண்டிக்க பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட்(). நீளமான குவெரி 1024 பைட்டில் அறுந்துவிடும், டிராக்_ஆக்டிவிட்டி_குவெரி_சைஸைக் கூட்டி சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

பதில்: பலகாரக்கடை_சிஸ்டம்

அண்ணே, ஹிஸ்டரியில் 4127-க்குப் பார்த்தேன். ஸ்டார்ட் டிரான்ஸாக்‌ஷன், அடுத்தது அதே செலக்ட் ஃபார் அப்டேட், அப்புறம் பொருள் பட்டியல் எடுக்கும் சில செலக்ட். சோர்ஸ் கோடில் ஆர்டர் படிவத்தின் ஃபார்ம் லோடில் பிகின்டிரான்ஸாக்‌ஷன் இருக்கிறது. சேமி பட்டனில் கமிட். சில்லறை படிவமும் இதே அச்சு. ஆர்டர் காணாமல் போனது உண்மைதான், அந்த அக்கா மறுபடி அடிப்பார்களாம்.

திருத்த உட்கார்ந்தால் ஆடிட்டர் ஒரு விஷயம் சொல்கிறார். ஜிஎஸ்டி பில் எண் விடுபடாமல் தொடர்ச்சியாக வர வேண்டுமாம். எண்ணைத் தானாகக் கூட்டும் ஆட்டோ_இன்கிரிமெண்ட் போட்டால் போதாதா? மறுபடி யாராவது இப்படிப் பிடித்துக்கொண்டால், 30 வினாடிக்கு மேல் தடுப்பவரைத் தானாகக் கில் செய்யும் ஸ்கிரிப்ட் ஒன்றையும், குறித்த நேரத்தில் ஓடும்படி கிரானில் (cron) போட்டுவிடலாமா?

பதில்: கோட்டையூர்க்காரன்

ஆட்டோ_இன்கிரிமெண்ட் வேண்டாம். ஒரு இன்சர்ட் ரோல்பேக் ஆனாலும், அதாவது திரும்ப எடுக்கப்பட்டாலும், அந்த எண் செலவழிந்துவிடும், நடுவில் ஓட்டை விழும். எண்ணுக்கென்று தனி அட்டவணை வைத்ததில் தவறில்லை, பூட்டிய நேரம்தான் தவறு. திரை திறக்கும்போது எண்ணே வேண்டாம். 'புதிய ஆர்டர்' என்று மட்டும் காட்டட்டும். பட்டியல் எல்லாம் கவுண்டரின் நினைவகத்திலேயே இருக்கட்டும். சேமி அழுத்தியதும் டிரான்ஸாக்‌ஷன் தொடங்கி, சரக்கு இருப்பைக் குறைத்து, பில்லை எழுதி, கடைசியாக எண்ணைப் பூட்டி எடுத்து, கமிட். மொத்தமும் மில்லிவினாடிகளில் முடியும். மனிதர் யோசிக்கும் நேரம் எதுவும் டிரான்ஸாக்‌ஷனுக்குள் இருக்கக் கூடாது.

இருப்பைக் குறைக்கும்போது பொருள் குறியீட்டு எண் வரிசையில் குறையுங்கள். ஒரு கவுண்டர் முறுக்கைப் பூட்டிவிட்டு அதிரசத்துக்கும், இன்னொன்று அதிரசத்தைப் பூட்டிவிட்டு முறுக்குக்கும் காத்திருந்தால் டெட்லாக், பிழை 1213. வரிசை ஒன்றாக இருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

ஆடிட்டரிடம் சிஜிஎஸ்டி விதி 46-ஐ எடுத்துக் காட்டிக் கேளுங்கள். எண் தொடர்ச்சியாக வேண்டும், 16 எழுத்துக்கு மிகக் கூடாது, அந்த நிதியாண்டுக்குள் வேறு பில்லுக்கு வரக் கூடாது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்களை வைத்துக்கொள்ள அதே விதி இடம் தருகிறது. சில்லறைக்கு ஒரு தொடர், சீருக்கு ஒன்று, தேவகோட்டைக்கு ஒன்று என்று முன்னெழுத்தோடு பிரித்துவிட்டால், பில்_எண் அட்டவணையில் மூன்று வரி ஆகிவிடும். ஒரு தொடரின் பூட்டு இன்னொரு தொடரைத் தொடாது. அவர் சரி என்றால் ஏப்ரல் 1-ல் புது நிதியாண்டோடு மாற்றிக்கொள்ளலாம்.

தானாகக் கில் செய்யும் ஸ்கிரிப்டைப் போடவே போடாதீர்கள். இரவு பேக்கப்போ, மாதக் கடைசிக் கணக்கு மாற்றமோ ஓடும்போது அது அதையும் வெட்டும். பெரிய அப்டேட்டை நடுவில் வெட்டினால் ரோல்பேக் நெடுநேரம் ஓடும், அது முடியும் வரை பூட்டுகளும் போகாது. அதற்குப் பதில் ஸ்கிரிப்ட் எழுதி வைக்கட்டும்: சில வினாடிக்கு ஒருமுறை சிஸ்.இன்னோடிபி_லாக்_வெயிட்ஸைப் பார்த்து, வரி ஏதாவது இருந்தால் நேரத்தோடு ஒரு கோப்பில் சேர்க்கட்டும். கண்ணால் பார்க்க, வாட்ச் கட்டளைக்குள் அதே குவெரியைப் போட்டு ஒரு திரையில் விட்டுவிடுங்கள். இன்னோடாப் என்ற கருவியும் இதைத்தான் கொஞ்சம் அழகாகக் காட்டும்.

சோர்ஸ் கோடைத் திருத்தி முடிக்கும் வரை ஒரு காவல் வேண்டுமென்றால், வெயிட்_டைம்அவுட்டைப் பயன்படுத்துங்கள். இயல்பாக அது 28800 வினாடி, அதாவது எட்டு மணி நேரம். பில்லிங் மென்பொருள் இணைந்தவுடன் தன் செஷனுக்கு மட்டும் அதை 600 ஆக்கிக்கொண்டால், பத்து நிமிடம் அசையாத இணைப்பை சர்வரே துண்டித்து ரோல்பேக் செய்துவிடும். மதியம் சாப்பிடப் போனவர் திரையைத் திறந்தபடி விட்டுப் போனாலும் கடை நிற்காது. துண்டித்த இணைப்பை மென்பொருள் திரும்பத் திறக்கிறதா என்று மட்டும் வியாபாரம் முடிந்த பிறகு ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

முதலில் ஆர்டர் படிவம், அப்புறம் சில்லறை. இரண்டையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், முகூர்த்த வாரத்திலும் வேண்டாம். மாற்றிய அன்று சாயங்காலம் இன்னோடிபி_டிஆர்எக்ஸில் ஓரிரு வினாடிக்கு மேல் பழைய டிரான்ஸாக்‌ஷன் ஏதாவது நிற்கிறதா என்று பார்த்து இங்கே எழுதுங்கள்.